ஒரு வள்ளத்து மாத்திரைகள்

என் மனைவியின் சனிக்கிழமைகள் எனக்குக் கிடைத்ததில்லை. அரசு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, வாரத்தின் மற்ற நாட்களை வீட்டுக்கும் எனக்கும் வைத்துக்கொண்டு, அந்த ஒரு நாளை உச்சிப்புளிக்குத் தெற்கே உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டவள்போல நடந்துகொண்டாள். காலையில் ராமநாதபுரத்திலிருந்து பேருந்தில் போவாள். மாலையில் செருப்பில் மணலும் புடவையில் உப்பு வாடையுமாகத் திரும்புவாள். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் அங்கே நிறையப் பேர். அவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது, இதயம் கெடத் தொடங்கும் முன்பே அதன் அடையாளங்களைக் கண்டுபிடிப்பது, தேவைப்பட்டவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி மாத்திரை வாங்க வைப்பது எல்லாம் அவள் தனக்குத்தானே விதித்துக்கொண்ட பணி.

சாப்பிடும்போது அதைப் பற்றிச் சொல்வாள். "நெஞ்சு வலிக்குதான்னு கேட்டா ஒருத்தியும் ஆமான்னு சொல்ல மாட்டா. ஆம்பளைக்கு வர்ற மாதிரி வலி வந்தாத்தானே சொல்லுவாங்க? இவங்களுக்கு அசதியா வரும், முதுகுல வரும், தாடையில வரும். வாயுன்னு சொல்லி ஒரு சோடாவ வாங்கிக் குடிச்சிட்டுப் படுத்திருவாங்க. அதனால நான் வேற மாதிரிக் கேக்குறேன். முன்னைக்கு இப்ப முங்கு குறைஞ்சிருக்கான்னு கேக்குறேன். குடத்தத் தூக்கிட்டு வர்றப்ப எங்கன இறக்கி வைக்கிறன்னு கேக்குறேன். அதுக்கு உடனே பதில் வந்திரும்."

முங்கு என்பது ஒரே மூச்சில் தண்ணீருக்கடியில் இருக்கக்கூடிய நேரம். அந்தப் பெண்களின் சொல். என் மனைவி அதை எங்கள் வீட்டில் பிறந்த சொல்லைப்போல எளிதாக எடுத்தாளும்போது எனக்குச் சற்று உறுத்தும். நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன். என்னுடைய துறையிலிருந்து ஒரு சொல்கூட அவள் நாக்கில் ஏறியதில்லை.

கணையத்தில் வந்த புற்றுநோய் அவளை ஒரு மழைக்காலத்துக்குள் கொண்டுபோய்விட்டது. இதயம் மட்டும் கடைசிவரை ஒழுங்காக ஓடியது என்று மதுரை மருத்துவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள நான் முயன்றேன்.

அவள் உடல் வீட்டுக் கூடத்தில் கிடந்த அன்று அந்தப் பெண்கள் ஒரு மினி லாரியில் வந்து இறங்கினார்கள். என் உறவினர்கள் நாற்காலிகளில் அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்த வீட்டில், அவர்கள் வாய்விட்டு அழுதார்கள். நான் நின்ற இடத்தைவிட அவளுக்கு அருகில் போய் உட்கார்ந்தார்கள். அவர்களுள் மூத்தவர், உப்பில் நரைத்ததுபோன்ற முடியும் அகன்ற தோளும் உள்ள ஒரு பெண்மணி, என் மனைவியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். நெடுநேரம் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. சடங்குகளுக்கிடையே நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில மாதங்கள் கழித்து அந்தக் கிராமத்துச் செவிலியர் என்னைத் தேடி வந்தார். என் மனைவியின் ரத்த அழுத்தக் கருவியை அந்தப் பெண்களுக்காகக் கேட்டார். சுகாதார நிலையத்தில் புதிய கருவி இருக்கிறது. ஆனால் அதை அவர்கள் நம்புவதில்லையாம்.

"டாக்டரம்மா மிஷினுதான் சரியாக் காட்டும்ங்கிறாக சார். அதுலயும் அந்த மூத்த மதினி இருக்காகளே, அவுகளுக்குப் பிரஷர் இறங்கவே மாட்டேங்குது. டாக்டரம்மா படுக்கையில விழுகுறதுக்கு முன்னாடிதான் கண்டுபிடிச்சாக. மாசாமாசம் மாத்திரைய நான்தான் கையில குடுக்குறேன். ஏறிக்கிட்டேதான் இருக்கு. ஈசிஜி எடுக்க வாங்கன்னா வர மாட்டேங்குறாக. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா கேப்பாக."

நான் சொன்னால் அவர் ஏன் கேட்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கருவியைக் கொடுத்தனுப்பவும் மனம் வரவில்லை. கையில் சுற்றும் அதன் பட்டையில் என் மனைவியின் கைவிரல்கள் பட்ட இடம் நிறம் மங்கியிருந்தது. அடுத்த சனிக்கிழமை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

செவிலியர் சொன்ன மூத்த மதினி, என் மனைவியின் காதருகே குனிந்து பேசிய அதே பெண்மணி, கடற்கரையில் பாசியை உலர்த்திக்கொண்டிருந்தார். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை அணிந்திருந்தார். மூழ்கும் பெண்கள் அப்படி அணிவது வழக்கம். வெள்ளையில் மெல்லிய நீலக் கோடுகள் போட்ட சட்டை. அந்தச் சட்டை என்னுடையது.

எனக்கு ஐயமே இல்லை. இடது பையின் ஓரத்தில் பேனா மை கசிந்த கறைகூட இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நான் அதைத் தேடியபோது, பழசாகிவிட்டதென்று யாருக்கோ கொடுத்துவிட்டதாக என் மனைவி சொன்னாள்.

"இந்தச் சட்டை..." என்றேன்.

"டாக்டரம்மா போட்டுக்கிட்டு வந்தது சார்," என்றார் அவர், பாசியைப் புரட்டியபடியே. "நாங்க ரெண்டு பேரு மட்டும் பாருக்குப் போனப்ப."

பார் என்பது கடலுக்குள் இருக்கும் பவளத்திட்டு. நான் அவர் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். "பாருக்கா? வள்ளத்திலா? தண்ணீரில் இறங்கினாளா?"

அவர் கை நின்றது. அப்போதுதான் தான் சொன்னது அவருக்குப் புலப்பட்டது போலும்.

"அவுக உங்ககிட்டச் சொல்லலையா?"

"இல்லை."

"அப்ப நானும் சொல்லல சார். சொல்ல மாட்டேன்னு அவுகளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்." சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பாசியின் பக்கம் திரும்பிவிட்டார்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு வேறு நினைவு இல்லை. நாற்பதாண்டுக் காலம் என்னோடு வாழ்ந்தவள், குளத்தில்கூடக் கணுக்காலுக்கு மேல் இறங்க அஞ்சியவள், என் சட்டையை அணிந்துகொண்டு ஒரு வள்ளத்தில் ஏறிக் கடலுக்குள் போயிருக்கிறாள். அன்று மாலையும் செருப்பில் மணலோடு வந்து என் எதிரே அமர்ந்து சாப்பிட்டிருப்பாள். அந்த நாள் முழுவதும் இப்போது ஒரே ஒருவரிடம் இருக்கிறது. அவரோ ரத்த அழுத்தம் இறங்காதவர். படியேறினால் தாடையைப் பிடித்துக்கொள்பவர். கடைவாய்ப்பல் வலியென்று ஒரு நல்ல பல்லைப் பிடுங்கிப் போட்டும் வலி நிற்காதவர். செவிலியர் எனக்கு அதையும் சொல்லியிருந்தார். என் மனைவியின் வாயிலிருந்து கேட்டிருந்ததால் தாடை வலி என்றால் என்னவாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அவர் போய்விட்டால் அந்த நாளும் போய்விடும். நான் மறுபடியும் மறுபடியும் அங்கே போனது இதற்காகத்தான். ஊரில் அதைத் தொண்டு என்றார்கள். நான் மறுக்கவில்லை.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித் தண்ணீர் வற்றும் நாட்களில்தான் அந்தப் பெண்கள் பாசி எடுக்கப் போவார்கள். மற்ற நாட்களில் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுவது அவர்களே தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. நான் மூன்றாவது முறையோ நான்காவது முறையோ போன சனிக்கிழமை, தண்ணீர் வற்றும் நாளாக அமைந்தது. செவிலியரும் நானும் கரைக்குப் போனபோது அவர்கள் புறப்படும் முன் வள்ளத்தின் நிழலில் வட்டமாக உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டு முடித்திருந்தார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தார். நான் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கி, வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைத்தார்.

"இந்தா, நேத்து உனக்குக் கிறுகிறுன்னு வந்துச்சுல்ல. போடு."

"எனக்கு வேணாம் மதினி. நேத்துப் போட்டதே இன்னமும் தொண்டையில நிக்குது."

"தண்ணிய ஊத்தி முழுங்குடி. நங்கூரமா அது, நிக்கிறதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள்.  செவிலியர் அவர்களிடம் ஓடினார்.

"யம்மா தாயே, என்ன செய்றீக? என்ன இது, கோயில் பிரசாதமா?"

"பங்கு வைக்கிறேன்," என்றார் மூத்தவர், அதில் விளக்குவதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல.

மாதாமாதம் செவிலியர் அவர் கையில் கொடுத்த மாத்திரைகள் முழுவதும் இப்படித்தான் போயிருக்கின்றன. மாதத்துக்கு என்று தந்தது சில நாட்களில் தீர்ந்துவிடும். மற்ற நாட்களில் ஒருவருக்கும் கிடையாது. இவருக்கு ரத்த அழுத்தம் ஏறியதில் வியப்பில்லை. பங்கீடு என்ற தலைப்பில் எத்தனையோ வகுப்புகள் எடுத்தவன் நான். அப்படி ஒரு பங்கீட்டை எந்த வகுப்பிலும் கற்பனை செய்ததில்லை.

"இது உங்களுக்கு மட்டும் கொடுத்த மருந்து," என்றேன். "பங்கு வைக்கக் கூடாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வள்ளத்துல ஏறுற பொம்பளைக சார் நாங்க. ஒருத்தி காச்சல்ல கெடந்தாலும் அவ பங்கு அவ வீட்டுக்குப் போகும். எவ அதிகமா எடுத்தா, எவ கொறைச்சலா எடுத்தான்னு இங்கன யாரும் பாக்க மாட்டோம். எனக்கு மட்டும் மாத்திரையக் குடுத்தா, மத்தவளுக்குத் தல சுத்துறப்ப நான் வாயப் பொத்திக்கிட்டு முழுங்கவா? முங்குனவ மேல வரலைன்னா நீங்களா வந்து தூக்குவீக?"

"ரத்த அழுத்தம் இல்லாதவர்கள் இதைப் போட்டுக்கொண்டால் அழுத்தம் அளவுக்குமேல் இறங்கிவிடும். அதோடு தண்ணீருக்குள் போனால் மயக்கம் வரும். மேலே வராமல் போவது அதனால்தான் நேரும்."

 மாத்திரை தொண்டையில் நிற்கிறது என்று சொன்ன பெண் துள்ளி எழுந்தார். "நான்தான் சொன்னேன்ல மதினி! இதப் போட்ட அன்னைக்குத்தான் எனக்குக் கண்ண இருட்டிக்கிட்டு வருதுன்னு! சொன்னா, 'அப்ப இன்னொண்ணு போடு'ன்னு குடுத்தியே!"

மற்றவர்கள் சிரித்தார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.  தோழி ஒருத்தியைத் தானே கடலுக்குள் மயங்கவைத்திருக்கக்கூடும் என்பது அவருக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும்.

"அப்ப எல்லாத்துக்கும் பாருங்க," என்றார் கடைசியில். "எவளுக்கு உண்டோ அவளுக்கு அவ பேர்ல குடுங்க. இல்லாதவளுக்கு இல்லைன்னு சொல்லுங்க. அப்ப நான் என்னோடத நானே முழுங்குறேன். ஈசிஜியா, அதுவும் எல்லாரும் படுத்தா நானும் படுக்கேன். நான் மட்டும் தனியாப் படுக்க மாட்டேன்."

"அதுக்குத்தான மாசாமாசம் முகாம் வைக்கிறோம்," என்றார் செவிலியர். "ஒருத்தராச்சும் வாரீகளா?"

"நீங்க புதன்கெழமை புதன்கெழமையா வைக்கிறீக. முக்காவாசி அது தண்ணி வத்துற நாளாப் போகுது. அன்னைக்கு உங்ககிட்ட வந்து படுத்துக் கெடந்தா, பாசி தானா நடந்து கரைக்கு வருமா?"

அடுத்த வாரமே வட்டார மருத்துவ அலுவலரைப் போய்ப் பார்த்தேன். இளம்பெண். என் மனைவியின் பெயரைச் சொன்னதும் இருக்கையை விட்டு எழுந்து நின்றார். தான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது அவளிடம் கற்றுக்கொண்டவற்றைச் சொல்லத் தொடங்கினார். எனக்குத் தெரியாத ஒரு நகைச்சுவையையும் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கே போனாலும் யாராவது ஒருவர் அவளுடைய ஒரு துண்டை வைத்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் கேட்காமலே வைத்துக்கொண்டிருந்தார்கள். முகாமைக் கடலுக்குப் போகாத ஒரு நாளுக்கு மாற்றி, ஊருக்குள்ளேயே வைப்பதற்கு அவர் இசைந்தார்.

புயல் பாதுகாப்பு மையத்துக் கட்டடத்தில் முகாம் நடந்தது. வள்ளம் வள்ளமாக வந்தார்கள். யாரும் தனியாக வரவில்லை. ஒரு வள்ளத்துப் பெண்கள் அனைவரும் முடித்த பிறகே அடுத்த வள்ளத்தார் எழுந்தார்கள். திரைக்குப் பின்னால் ஈசிஜி எடுக்க வந்த பெண் முதலில் திகைத்துப் போனார். "அசையாமல் படுங்கள்" என்றதும் ஒவ்வொருவரும் கண்ணை மூடி மூச்சை அடக்கிவிட்டார்களாம். மற்ற ஊர்ப் பெண்களானால் சிறிது நேரத்தில் விட்டுவிடுவார்கள். இவர்கள் விடவில்லை.

"யம்மா, மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க!" என்று திரைக்கு உள்ளே இருந்து கத்தல் கேட்டது.

"அசையக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக!"

"மூச்சு விடலாம்மா!"

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? அடியே, இங்க மூச்சு விட்டுக்கிறலாமாம்டி!" வெளியே வரிசையில் நின்றவர்கள் சுவரில் சாய்ந்து சிரித்தார்கள். என் மனைவி இருந்திருந்தால் அந்தச் சிரிப்பு அவளுடையதாக இருந்திருக்கும். நான் அதைச் சாப்பாட்டு மேசையில் பழையதாகத்தான் கேட்டிருப்பேன்.

மூத்தவரின் வள்ளத்தில் இன்னும் இருவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுக்கு அவர்கள் பெயரில் மாத்திரை தரப்பட்டது. கண் இருட்டுகிறது என்ற பெண்ணுக்கு ரத்தச்சோகை. மூத்தவரின் ஈசிஜியை அலுவலர் நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்து, இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்றும், தாமதிக்காமல் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் சொன்னார்.

மூத்தவரின் கணவர் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். கேட்டதும் ஊசியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இவளுக்கா? குதிர மாதிரி இருக்கா சார். என்னையத் திட்டுறப்ப வந்து பாருங்க, தெருக்கோடி வரைக்கும் கேக்கும். நெஞ்சுல அடப்பு உள்ளவளுக்கு அம்புட்டுக் குரல் வருமா?"

"பல்லுதான் சார்," என்றார் அவர் மனைவியும். "தப்பான பல்லப் புடுங்கிட்டான். பக்கத்துப் பல்லப் புடுங்கினாச் சரியாப் போகும். வர்ற அமாவாசத் தண்ணிக்குப் போயிட்டு வந்து பாத்துக்கிறலாம்."

அமாவாசைத் தண்ணீருக்கு அவர் போனால் பாரிலேயே மாரடைப்பு வந்துவிடலாம் என்று அலுவலர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் அதைச் சொன்னேன். இருவரும் கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான். என் மனைவியாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அவர்களிடம் அவள் பேசும் மொழியை நான் கேட்டதே இல்லை.

முடித்துவைத்தவர்கள் வள்ளத்துப் பெண்கள். அமாவாசைக்கு முன் அவர்கள் அனைவரும் மூத்தவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"மதினி, இந்தத் தண்ணிக்கு நீ வராத," என்றார் ரத்தச்சோகைக்காரி.

"ஏன்டி?"

"ஒம் பங்கு வீட்டுக்கு வரும். நீ மதுரைக்குப் போ."

"நான் காச்சல்லயா கெடக்கேன், வீட்டுக்குப் பங்கு வாங்குறதுக்கு?"

"காச்சல்ல கெடந்தா நாங்களே கஞ்சி ஊத்துவோம். இது வேற. நீ ஏறுனா நாங்க வள்ளத்தத் தள்ள மாட்டோம். அம்புட்டுத்தான்."

மூத்தவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் வீட்டுக்குள் போய்விட்டார். சற்று நேரத்தில் உள்ளே இருந்து குரல் கேட்டது. "மதுரைக்குக் காரு எத்தன மணிக்கு சார்?"

நான்தான் கார் ஓட்டினேன். கணவர் முன்னிருக்கையில், மடிப்பு கலையாத சட்டையோடு, மடியில் ஒரு மஞ்சள் பையை அணைத்துக்கொண்டு வந்தார்.  பரமக்குடி தாண்டியதும், "அவ தூங்குறாளா, பாருங்க சார்," என்றார். அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. நான் கண்ணாடியில் பார்த்து, தூங்குகிறார் என்றேன். "மூச்சு வருதா?" என்றார். வருகிறது என்றேன்.

ஆஞ்சியோ செய்ததில் பெரிய அடைப்பு ஒன்றும் சிறியது ஒன்றும் தெரிந்தன. அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். நாங்கள் இருவரும் வெளியே நீண்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போய் எவ்வளவு நேரமாகிறது என்று அவர் என்னை அடிக்கடி கேட்டார். அவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும். எதிரே சுவரில் கடிகாரமும் இருந்தது. ஆனாலும் கேட்டார். நான் சொன்னேன். என்னுடைய முறை வந்தபோது இதே ஊரில் வேறொரு மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் யாரும் எதையும் தாமதமாகச் சொல்லவில்லை. நம்பிக்கைக்கு இடமில்லை என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இந்த மனிதருக்குக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. அவர் அந்தக் கதவைப் பார்த்த விதத்தை நான் பொறுத்துக்கொள்ள முடியாமல், போய் இரண்டு முறை தண்ணீர் குடித்தேன். இடையில் அவரைக் கட்டாயப்படுத்தி உணவகத்துக்கு அனுப்பினேன். போனார். விரைவில் திரும்பி வந்தார்.

மாலையில் எங்களை உள்ளே விட்டார்கள். மூத்தவர் தலையணையில் சாய்ந்திருந்தார். கணவர் கட்டிலருகே போய் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பல்லப் புடுங்கினவன் கைய ஒடிக்கணும்," என்றார். அதுதான் அவருடைய முதல் வார்த்தை.

"சாப்பிட்டீகளா?" என்றார் மூத்தவர்.

"உனக்கு உள்ள என்னத்தையோ விட்டு நோண்டிக்கிட்டு இருக்கப்ப எனக்குச் சாப்பாடு ஒரு கேடா?"

"மீசையில சட்னி ஒட்டியிருக்கு."

அவர் மீசையைத் துடைத்தார். "ரெண்டே இட்லி. சார்தான் போகச் சொன்னாரு."

"ரெண்டு இட்லிக்கு மீச முச்சூடும் சட்னியா?"

"இனிமே நீ கடல் பக்கம் போனா வள்ளத்தையே எரிச்சிப்புடுவேன், பாத்துக்க."

"எரிங்க. ஒங்க அண்ணன் வள்ளந்தான அது."

நான் வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். நாகரிகத்துக்காக வந்தேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நானும் என் மனைவியும் குரலுயர்த்திப் பேசிக்கொண்டதில்லை. அதை எங்கள் இல்லறத்தின் சிறப்பாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படிக்கட்டில் நின்றபோது, ஒரே ஒரு சண்டைக்காக நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். அவள் என் மீசையைப் பற்றிக்கூடப் பேச வேண்டாம். உங்களிடம் சொல்லாமல் கடலுக்குப் போனேன் என்று சொல்லியிருந்தால் போதும். நான் சத்தம் போட்டிருப்பேன். அவளும் போட்டிருப்பாள்.

பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை அந்தப் பெண்மணியை மறுபடியும் போய்ப் பார்த்தேன். ஊர் திரும்பி, மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டு, நடமாடத் தொடங்கியிருந்தார். மூழ்கக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. தண்ணீர் வற்றும் நாள் அது. கரையில் ஒரு கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் அமர்ந்து, அவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தேன். சரியாக இருந்தது. சொன்னேன். தலையசைத்தார்.

பட்டையைக் கழற்றிச் சுருட்டிய பிறகு கேட்டேன். இத்தனை மாதங்களாகக் கேட்பதற்குச் சொற்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். கேட்டபோது அவற்றில் ஒன்றும் வரவில்லை.

"அன்று அவள் கடலில் என்ன செய்தாள்? எனக்குச் சொல்லுங்கள்."

அவர் என் பக்கம் திரும்பினார். பரிவோடுதான் பார்த்தார். அந்தப் பரிவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"சட்ட வேணும்னா எடுத்துக்கங்க சார். தொவச்சு வச்சிருக்கேன். அந்த நாளத் தர மாட்டேன்."

"நான் அவள் கணவன்."

"தெரியும் சார். அவுக பேசுனதுல பாதி உங்களப் பத்தித்தான். அதெல்லாம் உங்களுக்கும் தெரிஞ்சதுதான். இது ஒண்ணு எனக்குன்னு குடுத்தாக. அவுகளக் கெடத்தியிருந்த அன்னைக்குக் காதுல மறுபடியும் சொல்லிட்டுத்தான் வந்தேன், யாருக்கும் குடுக்க மாட்டேன்னு."  "பங்கு வைக்கக் கூடாததும் உண்டுன்னு நீங்கதான சொன்னீக."

எனக்குச் சினம் வந்தது. நெடுநாளைக்குப் பிறகு, என்னால் அடக்க முடியாத அளவுக்கு வந்தது. என் குரல் உயர்ந்ததை நானே கேட்டேன். "உங்களை மதுரைக்குக் கொண்டுபோனது இதற்காகத்தான், தெரியுமா?"

"தெரியும்," என்றார் அவர். "இல்லாட்டி வாராவாரம் இம்புட்டுத் தூரம் எதுக்கு வரப் போறீக? பிரஷர் பாக்கவா? அதுக்கு நர்சு இருக்காக."

   தொலைவில் பாருக்கு அருகே வள்ளம் நின்றது. கறுப்புப் புள்ளிகளாகத் தலைகள் மேலே வருவதும் மறைவதுமாக இருந்தன. அவர் நெற்றிக்கு மேல் கையை வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவற்றுள் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடத்தில் இப்போது மூழ்குகிறவள், ஓர் இளம்பெண்.

"அவ முங்குறதப் பாருங்க சார்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "கோழி தண்ணி குடிக்கிற மாதிரி. தலைய விட்டா ஒடனே எடுத்துடுறா. அந்த எடம் எப்பிடிப்பட்ட எடம் தெரியுமா? நான் பாத்து வச்சிருந்த எடம். மரிக்கொழுந்துப் பாசி அங்கன மெத்த மாதிரிக் கெடக்கும். அதுல போயி இவள எறக்கியிருக்காளுக."

"பங்கு உங்கள் வீட்டுக்கு வருகிறதல்லவா?"

"பங்கு வருது," என்றார். "யாருக்கு வேணும் பங்கு?"

அந்தத் தலை மறுபடியும் மறைந்து, மறுபடியும் உடனே மேலே வந்தது. அவர் உச்சுக்கொட்டினார். நான் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை அவரோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.